எழுந்திருக்கக் கூடாது

உட்கார்ந்தால் முழங்கால் மார்பை இடிக்கும் அளவுக்கு அந்த நாற்காலி தாழ்வாக இருந்தது. ஜெபராணி கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். பேசக் கூடாது, பிள்ளையைக் கூப்பிடக் கூடாது, பார்த்துச் சிரிக்கவும் கூடாது, எது நடந்தாலும் எழுந்திருக்கக் கூடாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது வடிவு டீச்சர் சொன்னது அவ்வளவுதான். டீச்சர் என்று ஜெபராணிதான் சொல்கிறாள், இங்கே பிள்ளைகள் எல்லாம் வடிவக்கா என்கிறார்கள். எது நடந்தாலும் என்றால் என்ன நடக்கும், நடக்கப்போவது தெரிந்ததால்தானே அப்படிச் சொன்னாள். பாளையங்கோட்டையில் தடுக்கி விழுந்தால் ஒரு பள்ளிக்கூட வாசல், அத்தனையையும் விட்டுவிட்டு இந்தச் சந்துக்குள் ஓட்டு வீட்டில் நடக்கிற மாண்டிசோரிக்கு ஏன் வந்தோம் என்று நினைத்தாள். மகள் ரூத் இன்னும் வெளியே தாழ்வாரத்தில் ஆயாவோடு இருந்தாள். கொஞ்ச நேரம் நீங்க மட்டும் பாருங்க, பிறகு பிள்ளை வரட்டும் என்று சொல்லியிருந்தார்கள். பார்த்தாள். தரையில் சின்னச் சின்னப் பாய்கள், ஒவ்வொரு பாயிலும் ஒரு பிள்ளை, சிலதில் இரண்டு. மூன்று வயதும் இருந்தது, ஆறு வயதும் இருந்தது, எல்லாம் ஒரே அறையில். சத்தம் இருந்தது, ஆனால் இரைச்சல் இல்லை. வெள்ளரிக்காய் வாசம் வந்தது. வாசம் வந்த பக்கம் திரும்பினாள். நாலு வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு, கையில் கத்தி வைத்திருந்தான். பிளாஸ்டிக் இல்லை, நிஜக் கத்தி. நாக்கை ஓரமாக நீட்டிக்கொண்டு வெள்ளரிக்காயை வட்டம் வட்டமாக நறுக்கிக்கொண்டிருந்தான், பக்கத்தில் பெரியவர்கள் யாரும் இல்லை. ஜெபராணி பெரியாஸ்பத்திரியில் அவசரப் பிரிவு நர்ஸ். விரல் எப்படி வரும் என்று அவளுக்குத் தெரியும். துண்டில் சுற்றி, சில சமயம் டிபன் பாக்ஸில் ஐஸ் போட்டு, தகப்பன் கையில் தனியாகவும் பிள்ளை தாய் கையில் தனியாகவும் வரும். அவள் விரல்கள் கைப்பையின் வாரைச் சுற்றிக்கொண்டன. பையன் நறுக்கி முடித்து, கத்தியைத் துடைத்து, தட்டத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பாயாகப் போய் வேணுமா என்று கேட்டான். யார் பாயையும் மிதிக்கவில்லை.

ஜன்னல் ஓரத்தில் ஒரு பெண்பிள்ளை பாசி கோத்துக்கொண்டிருந்தாள். பாசிமணி மூக்கில் ஏறும், காதில் ஏறும், தொண்டையில் இறங்கும். ஒரு பொங்கலன்று வந்த பிள்ளையின் உதட்டு நிறம் ஜெபராணிக்கு இன்னும் கண்ணை மூடினால் தெரியும், அதனால் கண்ணை மூடாமல் இருந்தாள். அலமாரி எல்லாம் திறந்தே கிடந்தது, பிள்ளைகளின் நெஞ்சு உயரத்துக்கு. கண்ணாடிக் குவளை, பீங்கான் கிண்ணம், ஊசி, உருண்டு ஓடக்கூடிய எல்லாமும். ரூத் மூன்று மாதம் போய்வந்த அந்தப் பழைய இடத்தில் இப்படி இல்லை. அங்கேயும் போர்டில் மாண்டிசோரி என்றுதான் இருந்தது, வானவில் கலரில், இங்கே இருப்பதைவிடப் பெரிதாக. மரச்சாமான் எல்லாம் அங்கேயும் இருந்தது. முதல் நாள் அவளையும் புருஷன் தங்கதுரையையும் ஏசி அறையில் உட்கார வைத்து, பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கும் அந்த ரோஸ் கட்டைகளைக் காட்டினார்கள், எவ்வளவு சுத்தமாக, தூசி இல்லாமல், கண்ணாடிக் கதவுக்குள். பூட்டியிருந்தது. பூட்டு கண்ணில் பட்டது, மனதில் படவில்லை. நல்லா பத்திரமா வச்சிருக்காங்க என்று தங்கதுரை சொன்னான். அவன் தாழையூத்து சிமெண்டு ஆலையில் ஷிப்டு பார்க்கிறவன், தூசி இல்லாத எதைக் கண்டாலும் அவனுக்குப் பிடிக்கும். வகுப்புக்குள்ளே பார்க்கலாமா என்று ஜெபராணி கேட்டதற்கு, பேரண்ட்ஸ் வந்தா பிள்ளைங்க அழும் மேடம் என்றார்கள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அவர்கள் சொன்ன எல்லாமே நியாயமாகத்தான் பட்டது. வடிவு டீச்சர் போன வாரம் அதைக் கேட்டுவிட்டு, யாரையும் குறை சொல்லாமல், மாண்டிசோரிங்கிற பேர யாரும் வச்சிக்கிடலாம்மா, தடுக்க ஆளில்ல, போர்டப் பாக்காதிய, உள்ள வந்து ஒரு காலைப் பொழுது உக்காருங்க, உக்கார விடமாட்டோம்னு சொன்னா அந்த எடத்துல பிள்ளைய விடாதிய, எங்க எடமா இருந்தாலும் சரி என்றாள். எங்க எடமா இருந்தாலும் சரி. இவ்வளவு தெளிவாகப் பேசுகிறவர்களைக் கண்டாலும் இப்போது ஜெபராணிக்குப் பயம் வந்தது. ஏசி அறையிலும் தெளிவாகத்தான் பேசினார்கள்.

முதலில் தண்ணீர்தான். அங்கே சேர்த்த பிறகு ஒரு சாயங்காலம் அடுக்களையில் குடத்துப் பக்கத்தில் நின்று, அம்மா தண்ணி குடிக்கட்டுமா என்று ரூத் கேட்டாள். குடிடா என்றாள் ஜெபராணி, பிள்ளைக்கு மரியாதை வந்திருக்கிறது என்று தங்கதுரையிடம் சொல்லவும் செய்தாள். பிறகு உட்காரட்டுமா. பிறகு பாப்பா பொம்மைய எடுக்கட்டுமா. தன் பொம்மை, தன் வீடு. பதில் சொல்லாவிட்டால் அப்படியே நின்றாள், குக்கர் சத்தத்தில் கேட்காமல் போனாலும் நின்றாள், ஒரு தடவை ஜெபராணி குளித்து முடித்து வரும்வரை குளியலறைக் கதவுக்கு வெளியே நின்றிருந்தாள், எதற்கு என்று கேட்டால் ஜன்னலைப் பார்க்கலாமா என்பதற்கு. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் படியில் விழுந்தாள். முட்டி கிழிந்து ரத்தம் காலணி வரைக்கும் வந்தது. எழுந்து, நொண்டி நொண்டி, கூட்டத்துக்குள் தாயைத் தேடி வந்து, சேலையைப் பிடித்து இழுத்து, அம்மா அழட்டுமா என்றாள். மேலே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஜெபராணி ஆயிரம் முட்டிக்குக் கட்டுப் போட்டவள், அன்றைக்குக் கை ஓடவில்லை. அழுடா என்றாள். சொன்ன பிறகுதான் அழுதாள் பிள்ளை, அதுவும் சத்தமில்லாமல், தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டே, போதுமா என்று கேட்கிற மாதிரி. மறுநாளிலிருந்து அனுப்பவில்லை. அங்கே என்ன நடந்தது என்று எப்படியெல்லாமோ கேட்டுப் பார்த்தாள். மிஸ் அடிச்சாங்களா, இல்ல. திட்டினாங்களா, இல்ல. இருட்டு ரூம்ல விட்டாங்களா, இல்ல. உடம்பு முழுக்கப் பார்த்தாள், ஆஸ்பத்திரியில் போலீஸ் கேஸ் பிள்ளைகளைப் பார்க்கிற மாதிரி, அக்குள், தொடை, முதுகு. ஒரு தழும்பும் இல்லை. தழும்பு இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள், நினைத்ததற்காகப் பிறகு ஜெபித்தாள்.

பாயில் ஒரு குழந்தை சும்மா உட்கார்ந்திருந்தது. ஜெபராணி வந்ததிலிருந்து அது ஒன்றும் செய்யவில்லை, இரட்டைச் சடை போட்ட குழந்தை, சடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு கூரையில் ஓடுகிற அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தது. வடிவு டீச்சர் அதன் பக்கமாகவே போனாள், குனிந்து பார்த்தாள், அணிலையும் பார்த்தாள், தாண்டிப் போய்விட்டாள். இதற்குத்தான் அனுப்ப வேண்டுமா, அணில் பார்க்க? தங்கதுரை இதைத்தான் சொல்வான். அவன் சித்தப்பா மகன் சென்னையில் பிள்ளையை இப்படி ஒரு இடத்தில் ஆறு வயது வரைக்கும் விட்டான், தங்கம் மாதிரி இருந்த பிள்ளை, பிறகு பெரிய பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தார்கள், பாடம் நடக்கும்போதே எழுந்து கை கழுவப் போய்விட்டது, கேட்டால் கை அழுக்கா இருந்துச்சு என்று சொன்னது, முட்டிபோட வைத்தார்கள். எதற்கு முட்டிபோட வைத்தார்கள் என்பதே அதற்கு விளங்கவில்லை. தங்கதுரை அதைச் சொல்லிவிட்டு, கேட்டுட்டுச் செய்யிற பிள்ளைய நீ கேக்காமச் செய்ய வச்சிருவ, அடுத்த பள்ளிக்கூடத்துல அதுக்கும் சேத்து அடி வாங்கும், பரவாயில்லையா உனக்கு என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அவனும் பயந்துதான் கிடந்தான். பயந்தவன் சொல்வதில் பாதி சரியாக இருக்கும், எந்தப் பாதி என்றுதான் தெரிவதில்லை. ஆறு வயதுக்கு மேல் என்ன என்று ஜெபராணி வடிவு டீச்சரிடம் கேட்கவும் செய்தாள். மழுப்பவில்லை. எங்கட்ட ஆறு வரைக்கும்தான், பிறகு சாதாப் பள்ளிக்கூடம்தான், ரெண்டு மாசம் சில பிள்ளைகளுக்குக் கஷ்டமா இருக்கும், அதுக்குப் பிறகு பெரும்பாலும் பழகிரும், எல்லாப் பிள்ளைக்கும் இது ஒத்து வரும்னு நான் சொல்ல மாட்டேன் என்றாள். பெரும்பாலும். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் சொல்கிற அதே பெரும்பாலும். அந்தச் சொல்லுக்கு வெளியே நிற்கிற பிள்ளைகளைத்தான் ஜெபராணி தூக்கிக்கொண்டு ஓடுவாள்.

ஆயா கதவைத் திறந்து ரூத்தை உள்ளே விட்டாள். மஞ்சள் கவுன், இடது பக்கம் கிளிப்பு கொஞ்சம் இறங்கியிருந்தது, சரிசெய்ய ஜெபராணியின் கை அரிக்கத் தொடங்கியது. வடிவு டீச்சர் தரையில் மண்டிபோட்டு ரூத்தின் முகத்துக்கு நேரே முகம் வைத்து மெதுவாக ஏதோ சொன்னாள், அலமாரியைக் காட்டினாள், போய்விட்டாள். போகாதே, அவளிடம் சொல்லிவிட்டுப் போ, எடு என்று சொல், இல்லை வைக்கச் சொல், ஏதாவது ஒன்று சொல், அவள் நிற்பாள், நாள் முழுக்க நிற்பாள் என்று ஜெபராணிக்குள் கத்தியது. ரூத் நின்றாள். தாய் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தாள். பார்த்த பார்வையில் கேள்வி இருந்தது, ஜெபராணி சுவரில் மாட்டியிருந்த தாமரைப் படத்தைப் பார்த்தாள். பார்க்காமல் இருப்பது இவ்வளவு பெரிய வேலையா? பெரியாஸ்பத்திரியில் ஒரு பிள்ளையைப் படுக்க வைத்து ஊசி போடும்போது தாயை வெளியே போகச் சொல்வாள் ஜெபராணி, போகாமல் கதவிடுக்கில் நிற்கிற தாய்களை அதட்டியிருக்கிறாள், நீங்க நின்னா பிள்ளை அழும் போங்க என்று. அந்தத் தாய்கள் எங்கே போனார்கள், தாழ்வாரத்தில் எதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்? ஓரக்கண்ணில் மஞ்சள் அசைந்தது. ரூத் அலமாரி ஓரமாக ஒரு அடி வைத்தாள். கையைத் தூக்கவில்லை, கை இரண்டும் கவுனோடு ஒட்டியிருந்தன. அவள் உதடு அசைந்தது, யாரிடமோ கேட்கிறாள், மரக்கட்டையிடம் கேட்கிறாள், எடுக்கட்டுமா என்று. பதில் வராது. கட்டை பதில் சொல்லாது. யாரையாவது கேட்க வேண்டும் என்று நாலு வயதில் ஒரு பிள்ளைக்கு எப்படி இவ்வளவு ஆழமாகப் போய் இறங்கும், மூன்று மாதத்தில், ஒரு தழும்பு இல்லாமல்?

அப்போதுதான் கண்ணாடி உடைந்தது. ரூத் இல்லை. ஒரு சின்னப் பையன் கண்ணாடி ஜக்கிலிருந்து குவளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவன், ஜக்கு கை நழுவி, சிமெண்டுத் தரையில் விழுந்து, தண்ணீரும் கண்ணாடியும் ரூத்தின் வெறும் காலுக்கு இரண்டு முழம் வரைக்கும் வந்து நின்றது. ஜெபராணியின் உடம்பு எழுந்துவிட்டது. உடம்புதான், அவள் இல்லை, இத்தனை வருஷ வேலையில் உடம்பு அவளைக் கேட்காமலே எழும்பும். வடிவு டீச்சர் அறையின் அந்தக் கோடியிலிருந்து அவளைப் பார்த்தாள். தலையசைக்கவில்லை, கை காட்டவில்லை, பார்த்தாள். ஜெபராணி உட்கார்ந்தாள். எல்லாரும் அப்படியே இருங்க, கண்ணாடி கெடக்கு என்று வடிவு டீச்சர் சாதாரணக் குரலில் சொன்னாள், சாம்பார் கொதிக்குது என்று சொல்கிற குரல். உடைத்த பையன் உதட்டைப் பிதுக்கினான், அழுவான் போல் இருந்தது, அழவில்லை, வடிவு டீச்சர் எடுத்து வந்து வைத்த செருப்பைப் போட்டுக்கொண்டு மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுக்கப் போனான். யாரும் அவனைத் திட்டவில்லை, யாரும் பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வடிவு டீச்சர் பெரிய துண்டுகளைத் தான் பொறுக்கினாள். பாசி கோத்தவள் பாசிக்கே திரும்பிவிட்டாள். ஜெபராணி கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், தண்ணீருக்குள் கிடக்கிற துண்டுதான் ஆபத்து, கண்ணுக்குத் தெரியாது, காலில் ஏறினால் படம் எடுத்தாலும் சில சமயம் காட்டாது. அதனால் ரூத்தின் காலைப் பார்த்தாள், கால் நகரவில்லை, நல்லது, அசையாதே கண்ணு, பிறகு முட்டி, பிறகு கவுன், பிறகு முகம்.

ரூத் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். வலது கை ஆள்காட்டி விரலை உதட்டின் மேல் நெட்டுக்குத்தலாக வைத்து அழுத்தியிருந்தாள். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள். கண் இமைக்கவில்லை. அவள் ஒன்றும் உடைக்கவில்லை, யாரும் அவளைப் பார்க்கக்கூட இல்லை, ஆனால் எங்கேயோ ஏதோ தப்பு நடந்த சத்தம் கேட்டதும் அவள் உடம்பு தானாகப் போய் அந்த இடத்தில் நின்றுகொண்டது. இதுதான். அடிக்கவில்லை, திட்டவில்லை, இருட்டறை இல்லை, ஜெபராணி கேட்ட எந்தக் கேள்விக்கும் ரூத் பொய் சொல்லவில்லை. வாயில் விரல் வைத்து நிற்க வைத்தார்களா என்ற இந்தக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. எத்தனை நாள்? தினமுமா? எல்லாப் பிள்ளைகளுமா, இவள் மட்டுமா? வானவில் போர்டுக்கு உள்ளே, பூட்டிய கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில், வரிசையாக, விரல் வைத்த பிள்ளைகளாக, ஒரு சத்தமும் இல்லாமல். சத்தம் இல்லையே எவ்வளவு ஒழுங்கு என்று வாசலில் நின்று அவளே சொன்னாளே. இப்போது எழுந்து போய்த் தூக்கினால் போதும், விரலை எடுத்துவிட்டு, கிளிப்பைச் சரிசெய்து, வீட்டுக்குப் போய்விடலாம், வேலையை விட்டுவிடலாம், வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். எத்தனை வயது வரைக்கும்? எழுந்து போனால் தாய் வந்து எடுத்துவிட்ட விரலாக இருக்கும் அது, தாய் சொல்லும்வரை இன்னொரு தடவை காத்து நிற்கும். போகாவிட்டால்? போகாவிட்டால் அது அங்கேயே இருக்கும், யாரும் பார்க்க மாட்டார்கள், வடிவு டீச்சர் குனிந்து தண்ணீரைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள், பார்க்கவில்லை, பார்த்துவிட்டுத்தான் பார்க்காமல் இருக்கிறாளா? கர்த்தரே, யாராவது பாருங்கள்.

பாய்களுக்கு நடுவே ஒரு பெரிய பிள்ளை வந்தாள், ஆறு வயதிருக்கும், ஹமீதா என்று யாரோ அவளைக் கூப்பிட்டது ஜெபராணிக்கு நினைவு வந்தது. ஈரத்தைச் சுற்றிக்கொண்டு, கீழே பார்த்துப் பார்த்துக் காலை வைத்து, ரூத்தின் முன்னால் வந்து நின்றாள். தலையைச் சாய்த்து அந்த விரலைப் பார்த்தாள், நிஜமாகவே விளங்காத ஒன்றைப் பார்க்கிற பார்வை.

“பல்லு வலிக்கா?” என்றாள்.

ரூத் அசையவில்லை.

“வாயில பூச்சி கடிச்சிட்டா? வடிவக்காட்ட மருந்து இருக்கு.”

ரூத் தலையை இல்லை என்று ஆட்டினாள், விரலும் சேர்ந்து ஆடியது. பிறகு விரலை எடுக்காமலே, விரலுக்குப் பின்னாலிருந்து, ஜெபராணி காதைத் தீட்டிக் கேட்க வேண்டிய அளவு சின்னக் குரலில் சொன்னாள்: “மிஸ் எடுக்கச் சொல்லல.”

ஹமீதா திரும்பி அறை முழுவதும் பார்த்தாள். அலமாரி, ஜன்னல், துடைத்துக்கொண்டிருக்கிற வடிவக்கா, சின்ன நாற்காலியில் மடங்கி உட்கார்ந்திருக்கிற யாரோ ஒரு அம்மா. எல்லாவற்றையும் ஒழுங்காகத் தேடிவிட்டுத் திரும்பி வந்தாள். “எந்த மிஸ்ஸு?” என்று கேட்டாள்.

ரூத்தும் தேடினாள். ஜெபராணி அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவை வாசலுக்குப் போயின, அலமாரிக்குப் பின்னால் போயின, கூரைக்குக்கூடப் போயின, யார் எங்கிருந்து பார்க்கிறார்கள் என்று. நெடுநேரம் தேடினாள். கை தளர்ந்து இறங்கவில்லை, அப்படி நடக்கும் என்று ஜெபராணி எதிர்பார்த்தாள், நடக்கவில்லை. விரல் உதட்டை விட்டுக் கன்னத்துக்கு நகர்ந்தது, கன்னத்தில் சொறிகிற மாதிரி கொஞ்ச நேரம் இருந்தது, யாராவது கேட்டால் சொறிந்தேன் என்று சொல்லலாம் என்பதுபோல. ஹமீதாவுக்கு அலுத்துவிட்டது. வா, துணி பிழியணும் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். ரூத் தாயைப் பார்த்தாள். ஜெபராணி தாமரையைப் பார்த்தாள். தாமரைக்கு ஒன்பதோ பத்தோ இதழ், எண்ண முடியவில்லை, கலங்கிக் கலங்கித் தெரிந்தது. மறுபடியும் பார்த்தபோது சுவரோரம் காலியாக இருந்தது, வாளிக்குப் பக்கத்தில் ஹமீதா துணியின் ஒரு முனையைப் பிடித்து முறுக்க, மறு முனையை ரூத் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முறுக்கத் தெரியவில்லை, பிடித்துக்கொண்டுதான் நின்றாள்.

புறப்படும்போது வடிவு டீச்சர் சமாதானம் ஒன்றும் சொல்லவில்லை. விரலைப் பார்த்தேன் என்று சொன்னாள். இது லேசில் போகாது, மாசக்கணக்காகும், திரும்பத் திரும்ப வரும், உங்கள் வீட்டிலும் வரும் என்றாள். எனக்குப் பயமாத்தான் இருக்கு என்றாள் ஜெபராணி, அந்த அறைக்குள் வந்ததிலிருந்து அவள் வாயைத் திறந்தது அப்போதுதான். இருக்கும்ல, நாளைக்குத் தாழ்வாரத்துல உக்காருங்க, உள்ள வேண்டாம் என்று வடிவு டீச்சர் சொன்னாள். ஜெபராணி சரி என்றாள். சரி என்ற பிறகுதான் தங்கதுரையிடம் இதை எப்படிச் சொல்வது என்று யோசித்தாள், விரலைச் சொன்னால் அவன் நேரே அந்தப் பழைய இடத்துக்குப் போய்க் கண்ணாடியை உடைப்பான், சொல்லாவிட்டால் அணில் பார்க்கவா பிள்ளையை அனுப்புவது என்பான். மரத்துப் போன காலை உதறி உதறி நடந்து ஸ்கூட்டரை எடுத்தாள். ரூத் முன்னால் நின்றுகொண்டாள், கைப்பிடிக் கம்பியைப் பிடித்து, முடி பறந்து தாயின் கழுத்தில் பட. முருகன்குறிச்சிப் பக்கம் பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நின்றன. வெயில் கண்ணில் அடித்தது. சிக்னலில் நின்றபோது ரூத் திரும்பாமலே பேசினாள்.

“அந்த அக்காவுக்கு வாயில விரல் வைக்கத் தெரியாதாம்மா?”

தெரியாதுடா என்றாள் ஜெபராணி.

ரூத் யோசித்தாள். முன்னால் நின்ற ஆட்டோவில் ஒரு ஆட்டுக்குட்டி தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டு, “நான் சொல்லிக் குடுக்கட்டுமா?” என்றாள்.

பின்னால் ஹாரன் அடித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுந்தது, எழுந்த இடத்திலேயே நின்றது. வேண்டாம் என்றால் அதுவும் ஒரு உத்தரவு, சொன்னபடி கேட்பாள், கேட்டுவிட்டு நிற்பாள். குடு என்று எப்படிச் சொல்வது, அந்த அறைக்குள், அதை ஒருநாளும் பார்த்திராத பிள்ளைகளுக்கு நடுவே, தன் பிள்ளை கொண்டுபோய் அதை வைக்கிறதை எப்படிப் பார்ப்பது? ஒரு பிள்ளையிலிருந்து இன்னொரு பிள்ளைக்கு, அம்மை மாதிரி, இருமல் மாதிரி. ஜெபராணி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததையும் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று பயந்தாள். சிக்னல் விழுந்தது, வண்டி நகர்ந்தது, மேம்பாலத்து ஏற்றத்தில் காற்று வந்தது. பதிலுக்கு ரூத் கொஞ்ச தூரம் காத்திருந்தாள், பிறகு காத்திருப்பதை விட்டுவிட்டாள்.

“வேண்டாம்,” என்று தானே சொல்லிக்கொண்டாள். “பாவம். ரொம்ப நேரம் வச்சா அவளுக்குக் கை வலிக்கும்.”